இரண்டுக்கு முன்னால் வந்த பத்து

எங்கள் பக்கத்து மைக் செட்காரர்கள் சங்கம் இந்த வருஷம் மலர் போடுகிறது. ஆளுக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். எனக்கு மைக் செட் கிடையாது. நான் கச்சேரியில் பதிவு செய்ததைப் பாட்டுப் பாட்டாக வெட்டிக் கொடுத்தவன். திண்டிவனத்தில் சலீம் பாய் கடையில் இருபத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். போன வருஷம் இடது காதில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. விழுப்புரத்து டாக்டர், காதுக்கு ஓய்வு வேண்டும் என்றார். காதைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் நானும் ஓய்வு பெற்றேன். வயது ஐம்பத்து மூன்று.

இப்போது என்னை எழுதச் சொன்னதற்குக் காரணம் ஒரு மென்பொருள். பாயின் மருமகன் வாங்கி வந்திருக்கிறார். மூன்று மணி நேரக் கச்சேரியை உள்ளே போட்டால் எங்கெல்லாம் சத்தம் இல்லையோ அங்கெல்லாம் அதுவே வெட்டித் தனித்தனிப் பாட்டாக்கித் தந்துவிடுமாம். முதல் சோதனைக்குக் கிளியனூர்ப் பக்கத்துத் திருவிழாக் கச்சேரி ஒன்றைக் கொடுத்தார்கள். அது மொத்தம் இரண்டு துண்டு போட்டுக் கொடுத்தது. ஒன்று, முழுக் கச்சேரி. இன்னொன்று, கரண்ட் போய் வந்த பிறகு மிச்சம். எங்கள் ஊர்க் கச்சேரியில் சத்தம் இல்லாத இடம் கரண்ட் போகும்போது மட்டும்தான் உண்டு என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. அதனால் கடையில் இருக்கிறவர்கள் எனக்குப் போன் செய்து, அண்ணே நீங்கள் எப்படித்தான் வெட்டினீர்கள் என்று கேட்டார்கள். எனக்குப் போனில் பேச வராது. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். பிறகு மைக் செட்டில் வயர் சுற்றினேன், தென்னை மரம் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். நாலு பேர் முன்னால் பேச நாக்கு எழாது என்பதால் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லும் பதவி உயர்வு எனக்குக் கிடைக்கவே இல்லை. சலீம் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் கல்யாண மண்டபத்தில் சவுண்டு வேலை பார்த்துவிட்டு வந்து திண்டிவனத்தில் கடை போட்டார். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருகிற வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதா என்று அன்றைக்கே சேர்ந்துவிட்டேன். கம்ப்யூட்டர் வந்தபோது எனக்கும் தெரியாது, பாய்க்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து நிறையக் கெடுத்து, கொஞ்சம் கற்றுக்கொண்டோம்.

வெட்டுவது சுலபம். எங்கே வெட்டுவது என்பதுதான் வேலை. பாட்டு முடிந்ததும் கைதட்டுவார்கள். கை ஓயும் முன்னே அறிவிப்பாளர், இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர் இன்னார் என்று ஆரம்பிப்பார். அவர் முடிக்கும் முன்னே கீபோர்டு ஆரம்பித்துவிடும். இந்தக் களேபரத்தில் கத்தி வைக்க ஒரு முடி அளவு இடம் இருக்கும். பாய் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை ஒட்டி வைத்து, கண்ணை மூடி, அந்த இடம் வந்ததும் மேஜையில் மோதிரத்தால் ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான். பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. விளக்கமாக அவர் பேசி நான் கேட்டது ஒரே தடவை.

"முருகா, கைத்தட்டலு போன பாட்டுக்காரனுக்குச் சொந்தம். மூச்சு, அடுத்து வர்ற பாட்டுக்காரனுக்குச் சொந்தம். அறிவிப்புல வர்ற பேரு, குடுத்தவனுக்குச் சொந்தம். யாரு சொத்தையும் யாருக்கும் மாத்தி எழுதாத. பேஜாராயிடும்."

பத்திரப்பதிவு ஆபீசில் சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்கிறாரே என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் புரிந்தது. கூட்டேரிப்பட்டில் ஒரு காதுகுத்து. கச்சேரியை வெட்டும்போது, கேட்க நன்றாக இருக்கட்டும் என்று அறிவிப்புகளையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் பாட்டாகக் கொடுத்தேன். மறுநாள் அந்த வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். எங்கள் சித்தப்பா பெயர் எங்கே, மாமன் பெயர் எங்கே, சீர் கொண்டு வந்தவர்கள் பெயர் எங்கே என்று கேட்டார். எல்லாப் பாட்டும் இருக்கிறதே என்றார் பாய். பாட்டு எல்லாருக்கும் போனிலேயே இருக்கிறது, எங்கள் சித்தப்பா பெயர் எந்தப் போனில் இருக்கிறது என்று அவர் திருப்பிக் கேட்டார். பெயர்களை மட்டும் தனியாக ஒரு பாட்டு நீளத்துக்குச் சேர்த்துக் கொடுத்தோம். ஒரு மாதம் அந்த வீட்டில் அதைத்தான் போட்டுக் கேட்டார்களாம்.

அதைவிடப் பெரிய சொத்துத் தகராறு விழுப்புரத்து இன்னிசைக் குழுப் பாடகர் ஒருவருடையது. தன் பாட்டுக்கு விழுந்த கைதட்டல் அடுத்துப் பாடிய அம்மாவின் பாட்டில் சேர்ந்துவிட்டது என்று வந்தார். அந்த அம்மா மேடை ஏறியதைப் பார்த்துத்தான் ஜனங்கள் தட்டினார்கள். கேட்டாலே தெரியும். மூன்று தடவை போட்டுக் காட்டியும் அவருக்குத் தெரியவில்லை. பாய் கைதட்டலைச் சரிபாதியாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுக்கச் சொன்னார். அடுத்த வாரம் அந்த அம்மா வந்து, என் மீதிப் பாதி எங்கே என்றார். அது மழைக்காலம். எங்கள் கடைக்குத் தகரக் கூரை. பாய் மைக்கை எடுத்துத் தகரத்துக்குக் கீழே பிடித்து, அரை நிமிஷ மழையைப் பதிவு செய்து, இரண்டு பேர் பாட்டுக்குப் பின்னாலும் ஒட்டச் சொன்னார். அந்த அம்மா கேட்டுவிட்டு, நல்ல ரசனையான ஜனங்கள் என்றார். அந்தப் பாடகர் இன்றைக்கும் அதைப் போட்டுக் காட்டித்தான் புதுக் கச்சேரி பிடிக்கிறார்.

இதெல்லாம் சின்னக் கேஸ். என் வாழ்க்கையில் வந்த பெரிய கேஸ் கூழ் ஊற்றும் திருவிழாவில் வந்தது. ஊர்ப் பெயர் எழுதவில்லை. என் மனைவியின் சொந்தக்காரர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

அந்த ஊர் மாரியம்மனுக்கு ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பக்திப் பாடல் கச்சேரி நடக்கும். ஊரில் ஒன்பது வகையறா. ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரு பாட்டு. பாட்டுக்கு முன்னால் அந்த வகையறாவின் ஆண்கள் பெயரெல்லாம் வாசிப்பார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் கூழ். கோயில் வாசலில் பெரிய கொப்பரை வைத்திருப்பார்கள். வகையறாவுக்கு ஒரு மருமகள் விரதம் இருந்து, கேப்பைக் கூழ் காய்ச்சி, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். கச்சேரியில் பதிவான பாட்டு ஒவ்வொன்றாக ஸ்பீக்கரில் ஓடும். எந்த வகையறாவின் பாட்டு ஓடுகிறதோ அந்த மருமகள் கொப்பரை அருகே வந்து நின்று, பாட்டு முடிந்ததும் ஊற்ற வேண்டும். ஊற்றும் வரை குடம் தரையில் படக்கூடாது, வேறொருவர் கைக்கு மாறக்கூடாது. எல்லாக் குடமும் கொப்பரையில் விழுந்த பிறகுதான் ஊருக்குக் கூழ். முதல் குடம் நாட்டாண்மை கோவிந்தசாமியின் வகையறா. இரண்டாம் குடம் தணிகாசலத்தின் வகையறா. இந்த வரிசைக்காக அந்த ஊரில் பெண் கொடுத்திருக்கிறார்கள், பெண் கொடுக்காமலும் இருந்திருக்கிறார்கள்.

பல வருஷம் அந்தக் கச்சேரியை நான்தான் வெட்டி, ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்டுப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். ஒரு தகராறும் வந்ததில்லை. பிறகு ஒரு வருஷம் புதிதாக மூன்று வகையறா சேர்ந்தார்கள். பத்தாவதாகச் சேர்ந்தது ரங்கநாதன் வகையறா. அவருக்கு விக்கிரவாண்டி ரோட்டில் ஓட்டல். கோயிலுக்கு வளைவு கட்டிக் கொடுத்தவர். அவரைப் பத்தாவதாகச் சேர்க்கலாமா என்று இரண்டு ஆடி மாதம் பேசி, கடைசி வரிசைதானே, போகட்டும் என்று சம்மதித்திருந்தார்கள்.

நான் பன்னிரண்டு பாட்டு வெட்டினேன். ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பர் போட்டேன். எங்கள் கம்ப்யூட்டரில் வரிசையாகக் காட்டியது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். பாய் மோதிரத்தைத் தட்டினார். பென் டிரைவ் போனது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பாய்க்குப் போன் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "எத்தினி நம்பர் போட்ட?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் கடை வாசலில் கார் வந்து நின்றது. உள்ளேயிருந்து இரண்டு பேர் இறங்கி, வெட்டினது யார் என்றார்கள். பாய் லேப்டாப்பை எடுத்துக்கொண்டார், என்னையும் எடுத்துக்கொண்டார். காரில் என் காதருகே குனிந்து, நீ ஒன்றும் பேசாதே, எது கேட்டாலும் மெஷின் தப்பு என்று நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். பேசாமல் இருப்பது எனக்கு எந்தக் காலத்திலும் கஷ்டமாக இருந்ததில்லை.

நடந்தது இதுதான். முதல் பாட்டு ஓடியது. நாட்டாண்மை வீட்டு மருமகள் ஊற்றினார். அடுத்து ஸ்பீக்கரில் ரங்கநாதன் வகையறாவின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஊர் திகைத்தது. ரங்கநாதன் மட்டும் திகைக்கவில்லை. வளைவு கட்டியதற்குப் பெரியவர்கள் இரகசியமாக மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, மருமகளைப் போகச் சொல்லிவிட்டார். குடம் கவிழ்ந்தது. அடுத்துப் பதினொன்று, அடுத்துப் பன்னிரண்டு. பத்தே போய்விட்டதே என்று அவர்களும் போய் ஊற்றிவிட்டார்கள். அதன் பிறகுதான் இரண்டாம் பாட்டு வந்தது. தணிகாசலம் எழுந்து, பாட்டை நிறுத்தச் சொன்னார்.

நாங்கள் போனபோது ஊரே தூக்குச் சட்டியோடு வெயிலில் நின்றிருந்தது. கொப்பரைக்குக் கொஞ்ச தூரத்தில் தணிகாசலத்தின் மருமகள் அலமேலு குடத்தோடு நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். யாரோ குடை பிடித்தார்கள். குடத்தில் பூசியிருந்த மஞ்சள் வியர்வையில் கரைந்து புடவையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. மாமனார் ஊற்றாதே என்கிறார், சாமி இறக்காதே என்கிறது. பேசுவதற்குத்தான் அங்கே நூறு பேர் இருந்தார்கள். குடம் பிடித்திருந்தது அவரும், அவருக்குப் பின்னால் மூன்றிலிருந்து ஒன்பது வரை ஏழு பெண்களும்.

தணிகாசலம் எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தார். "எங்க பாட்டன் காலத்துலேந்து ரெண்டாம் குடம். நேத்து வந்தவன் குடம் கொப்பரையில கெடக்குது. என் மருமவ குடம் இடுப்புல கெடக்குது. எவன்கிட்ட இன்னா வாங்கிக்கினு இப்பிடி வெட்டுனீங்க?"

பாய் சாந்தமாக விளக்கினார். "மெஷினு எண்ணாதுங்க, நாட்டாண்மை. எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். எங்க கடைக் கம்ப்யூட்டருக்கு எண்ணத் தெரியும். உங்க மைக் செட்டுப் பெட்டிக்குத் தெரியாது. தலையில ஒண்ணு இருக்கிறதையெல்லாம் மொதல்ல கூட்டிக்கினு வந்துடும். ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. அதுங்க போனப்புறந்தான் ரெண்டு. இத்தினி வருசம் ஒம்போதோட நின்னுச்சி. அதனால தெரியல."

ஊர் இதை யோசித்தது. ரங்கநாதன் எல்லாரையும் முந்திக்கொண்டு யோசித்து முடித்தார். "மெஷினுக்கு நான் யாரு, அவுரு யாருன்னு தெரியுமா?"

தெரியாது என்றார் பாய்.

"தெரியாமயே என்னைக் கூப்புடுதுன்னா அது அம்மன் வாக்குதானே? மனுசன் வெச்ச வரிசைய அம்மன் மாத்திடுச்சி. இனிமே ரெண்டாம் குடம் எங்களுது."

மெஷின் தப்பு என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றிருந்தது பாயின் திட்டம். மெஷினை ஒரே நிமிஷத்தில் சாமியாக்கிவிட்டார்கள். சாமி தப்பு என்று அங்கே எப்படிச் சொல்வது? மைக் செட்காரர் குமார் தன் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். யாராவது அதற்குக் கற்பூரம் காட்டிவிடுவார்களோ, இல்லை உடைத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம்.

முதலில் வரிசையைச் சரி செய்வோம் என்று பாய் லேப்டாப்பைத் திறந்தார். பெட்டிக்கு எண்ணத் தெரியாவிட்டாலும் எழுத்துக் கூட்டத் தெரியும் அல்லவா. ஒன்றுக்கு முன்னால் ஒரு பூஜ்யம், இரண்டுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் என்று ஒன்பது வரை போட்டுவிட்டால் சரியாகிவிடும். நான் போட்டேன். குமார் பென் டிரைவைச் செருகினார். சின்னத் திரையில் வரிசை சரியாக வந்தது. நாட்டாண்மை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என் நம்பருக்கு முன்னாடி இன்னா, முட்டை?"

மெஷினுக்குப் புரிவதற்காக என்றார் பாய்.

"மெஷினுக்குப் புரியும். ஊருக்கு இன்னா புரியும்? மொத வகையறாவுக்கு முட்டை. பத்தாவதா வந்தவருக்கு முட்டை இல்லையா?"

தணிகாசலம் வந்து பார்த்து, எங்களுக்கும் முட்டை என்றார். மூன்றாவதும் நான்காவதும் வந்து பார்த்தார்கள். முட்டை வாங்கிய ஒன்பது வகையறாவும் முதல்முறையாக ஒரு பக்கம் நின்றார்கள். ரங்கநாதன் சிரித்துக்கொண்டே, எங்களுக்கும்தான் முட்டை இருக்கிறது, மரியாதையாகப் பின்னால் இருக்கிறது என்றார். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் யார் யார் எதில் முட்டை வாங்கினார்கள் என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. அலமேலு குடத்தை வலது இடுப்பிலிருந்து இடது இடுப்புக்கு மாற்றினார். குடை பிடித்தவர் பேச்சைக் கேட்கிற சுவாரசியத்தில் குடையைத் தன் தலைக்குக் கொண்டுபோயிருந்தார்.

மொய் எழுதும்போது எல்லாரும் நூற்றியொன்று என்றுதானே எழுதுகிறோம் என்று எனக்குத் தோன்றியது. பாயின் காதில் சொன்னேன். பாய் அதை உரக்கச் சொன்னார். முதல் வகையறாவுக்கு நூற்றி ஒன்று, இரண்டாவதுக்கு நூற்றி இரண்டு, பன்னிரண்டாவதுக்கு நூற்றிப் பன்னிரண்டு. எல்லார் தலையிலும் ஒன்று, யார் தலையிலும் முட்டை கிடையாது. நாட்டாண்மைக்குப் பிடித்துவிட்டது. மங்களமான நம்பர், இதை முதலிலேயே போட்டிருக்கலாமே என்றார்.

வரிசை சரியாகிவிட்டது. ஆனால் ஊற்றிய கூழ்?

"ஊத்துனது ஊத்துனதுதான்," என்றார் ரங்கநாதன். "ரெண்டாவதா ஊத்தியாச்சி. போய் எடுத்துக்கினு வரச் சொல்லுங்க பாக்கலாம்."

பாய் தலையைச் சொறிந்தார். "பாட்டுன்னா எங்க வேணா வெட்டி எங்க வேணா ஒட்டிடலாம். கூழை இன்னா பண்றது?"

அம்மன் வாக்கு என்றால் தணிகாசலம் வகையறா இனி எந்தக் காலத்திலும் இரண்டாவது இல்லை. அவர் மருமகள் குடத்தைத் திருப்பி வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியதுதான். இந்த வருஷம் குடத்தோடு திரும்பிய மருமகள் என்று சாகும் வரை அந்தப் பெண்ணுக்குத்தான் பெயர் நிற்கும். குமார் தப்பு என்றால் ரங்கநாதனிடம் அவர் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்று ஆகும். பெரியவர்கள் தப்பு என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஆள். அது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அலமேலுவின் உதடு வெளுத்திருந்தது. முழங்கை நடுங்கியதில் கூழ் தளும்பிக் கையில் வழிந்துகொண்டிருந்தது. கிட்டே போய் நாட்டாண்மையிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிடலாம் என்று போனேன். நான் வாயைத் திறப்பதைப் பார்த்ததும் குமார் பழக்க தோஷத்தில் மைக்கை என் முன்னால் நீட்டிவிட்டார்.

"தப்பு என்னுதுங்க," என்றேன்.

நாலு குழாயிலும் அது போனது. என் குரலை நான் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில்லை. பக்கத்து ஊர் வரை கேட்டிருக்கும்.

கூட்டத்தில் ஒருவர், எத்தனாவது படித்திருக்கிறாய் என்று கேட்டார்.

"அஞ்சாவதுங்க."

அதையும் நாலு குழாய் சொன்னது. ஊர் ஒரு பெருமூச்சு விட்டது. அஞ்சாவது படித்தவனிடம் கொடுத்தால் ரெண்டுக்கு முன்னால் பத்துதான் வரும் என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். தணிகாசலம் சிரித்தார், நாட்டாண்மை சிரித்தார். எண்ணத் தெரியாதது பெட்டிக்குத்தான், எனக்கு இல்லை என்று சொல்ல ஆசையாக இருந்தது. மைக் இன்னும் வாய்க்கு நேராக இருந்ததால் சொல்லவில்லை.

நாட்டாண்மை தீர்ப்புச் சொன்னார். இது அம்மன் வாக்கும் இல்லை, ஊர் வாக்கும் இல்லை, இவனுடைய தப்பு. தப்பில் விழுந்த மூன்று குடமும் வரிசையில் சேராது. பாட்டு திரும்ப வரிசையாக ஓடும். பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் தங்கள் பாட்டு வரும்போது மறுபடியும் குடம் கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

ரங்கநாதன் கொஞ்ச நேரம் மனசுக்குள் கணக்குப் போட்டார். "அப்ப எங்களுக்கு மட்டும் ரெண்டு குடமா?"

"ரெண்டு குடம்," என்றார் நாட்டாண்மை.

"மத்தவங்களுக்கு ஒண்ணு?"

"ஒண்ணு."

ரங்கநாதன் சந்தோஷமாகத் துண்டைச் சரிசெய்துகொண்டு, மறுபடியும் கூழ் காய்ச்சச் சொல்லி வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

நூற்றி இரண்டைப் போடு என்று பாய் குமாரிடம் கையைக் காட்டினார். நாட்டாண்மை தடுத்தார். நூற்றி ஒன்று ஓடாமல் நூற்றி இரண்டு எப்படி ஓடும், தொடக்கத்திலிருந்து போடு என்றார். ஆக, அவர் வகையறாவின் முப்பது பெயரையும், அதற்குப் பிறகு ஆறு நிமிஷப் பாட்டையும், கைதட்டலையும் ஊர் மறுபடியும் நின்று கேட்டது. அலமேலுவும் கேட்டார். அதன் பிறகு தணிகாசலம் வகையறாவின் பெயர்கள். அதன் பிறகு அவர்கள் பாட்டு. அலமேலு கொப்பரை அருகே வந்து நின்றார். முதல் சரணம் முடிந்ததும் கீபோர்டில் நாதஸ்வரச் சத்தம் வந்தது. அது முடிகிறது என்று நினைத்தால் மறுபடியும் முதலிலிருந்து வந்தது. பிறகு பல்லவி இரண்டு தடவை. பிறகு இரண்டாம் சரணம், மறுபடியும் நாதஸ்வரம், மறுபடியும் இரண்டு தடவை. நான் அந்தப் பாட்டை ஹெட்போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது அவ்வளவு நீளமான பாட்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. குடம் கவிழ்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். தணிகாசலம் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருடைய பாட்டன் ஜெயித்துவிட்டார்.

நாங்கள் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தபோது அலமேலு மைக் செட் பக்கம் வந்தார். காலிக் குடத்தை இன்னொரு பெண் எடுத்துப் போயிருந்தார். குடம் போன பிறகும் அவருடைய இடது கை மடங்கியபடியே இருந்தது. அதை நீட்ட முடியவில்லை. வலது கையால் பிடித்துப் பிடித்து நீவிக்கொண்டிருந்தார். தப்பு செய்ததற்கு ஏதோ சொல்லப் போகிறார் என்று தரையைப் பார்த்தேன்.

"அண்ணே, பாட்ட வெட்டுறது நீங்கதானா?"

"ஆமாம்மா."

மாமனார் இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "நடுவுல அந்தப் பீப்பி ரெண்டு ரெண்டு தரம் வருதே. ஒரு தரம் வந்தாப் பத்தாதா? ரெண்டாங்குடமோ பத்தாங்குடமோ, யாருக்கு வேணும். குடம் பன்னெண்டு கிலோ இருக்குதுண்ணே."

பாட்டுக்குப் பாட்டு நடுவில்தான் வெட்டலாம், பாட்டுக்குள்ளே கை வைக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். பாய் அதற்காகவே ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தியிருக்கிறார்.

அடுத்த வருஷக் கச்சேரிப் பதிவு வந்தபோது பாய் தொழுகைக்குப் போயிருந்தார். முதலில் நூற்றி இரண்டில் ஒரு நாதஸ்வரத்தை எடுத்தேன். ஒட்டுத் தெரியவில்லை. பல்லவியில் ஒரு தடவையை எடுத்தேன். அதுவும் தெரியவில்லை. இரண்டாம் குடத்துக்கு மட்டும் சின்னப் பாட்டு என்று ஒரு புதுத் தகராறு வந்துவிடக் கூடாதே என்று, பன்னிரண்டு பாட்டிலும் அப்படியே எடுத்தேன். ஆறு நிமிஷப் பாட்டெல்லாம் மூன்றரை நிமிஷம் ஆனது. ஆண்கள் பெயரில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. தொட்டிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார்கள்.

வேலையிலிருந்து நிற்கும் வரை ஒவ்வொரு ஆடிக்கும் அப்படித்தான் செய்தேன். ஊரில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்போதெல்லாம் கூழ் ஜல்தியாக முடிந்துவிடுகிறது, நூற்றி ஒன்று என்று நம்பர் வைத்ததன் மகிமை என்று நாட்டாண்மை சொல்லிக்கொண்டிருக்கிறார். தான் கட்டிய வளைவின் ராசி என்கிறார் ரங்கநாதன். இந்த மலரைப் படித்து யாராவது அவர்களிடம் சொன்னால் சொல்லட்டும். இனி என்னை வேலையைவிட்டு நிறுத்த முடியாது.

வெட்டிய முதல் வருஷம் மட்டும் நானும் போயிருந்தேன், எங்காவது ஒட்டுத் தெரிகிறதா என்று கேட்பதற்காக. கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அலமேலு கொப்பரைக்கு வந்தார். பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம், ஒரே ஒரு நாதஸ்வரம். அவர் தலையைக் கொஞ்சம் தூக்கினார். பல்லவி ஒரே தடவை. சுற்றி நின்ற ஆண்கள் எல்லாம் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்தது. அவர் குடத்தைக் கவிழ்த்தார். இந்தத் தடவை யாரும் வந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. காலிக் குடத்தை ஒற்றை விரலில் மாட்டி, கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.